பின்லாந்து அதிசயமும் ஒரு ஹவுஸ் ஓனரும்

"வீடில்லாதவர்களே இல்லாத நாடு" என்று பின்லாந்தைப் பற்றி ஒரு வீடியோ வருஷக்கணக்கா வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டிருக்கு. உங்களுக்கும் வந்திருக்கும். நானே ஒரு தடவை ஃபார்வர்டு பண்ணியிருக்கேன். போன மாதம் வேறு வேலையாக அந்த ஊர் வீட்டுவசதி பற்றிப் படிக்கப்போய், அந்த வீடியோவும் அதே பாணியில் வரும் கட்டுரைகளும் எதை விட்டுவிடுகின்றன என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லாக் கட்டுரையும் சொல்லும் கதை ஒன்றுதான். முன்பெல்லாம் தெருவில் கிடப்பவர் முதலில் குடியை விடணும், மருந்து சாப்பிடணும், விடுதியில் ஒழுங்காக இருந்து காட்டணும், கடைசியில்தான் வீடு. பின்லாந்து அதைத் திருப்பிப் போட்டது. முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம். இதற்குப் பெயர் ஹவுசிங் ஃபர்ஸ்ட். இரக்கமுள்ள நாடு, நல்ல யோசனை, சுபம்.

ஆனா இந்த யோசனை பின்லாந்துடையது மட்டும் இல்லை. சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் 1992-லேயே நியூயார்க்கில் பாத்வேஸ் டு ஹவுசிங் என்ற அமைப்பைத் தொடங்கி இதைச் செய்து காட்டிவிட்டார். அமெரிக்காவில் இதைப் பற்றி ஆய்வுகள் குவிந்தன, ஆனால் அந்த நாட்டின் தெருக்கள் காலியாகவில்லை. அப்படியானால் யோசனையைத் தாண்டி பின்லாந்திடம் என்ன இருந்தது?

வீடு இருந்தது. கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனா விஷயம் அதுதான்.

1985-இல் ஒய் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அங்கே தொடங்கப்பட்டது. அப்போது ஹவுசிங் ஃபர்ஸ்ட் என்ற சொல்லே இல்லை. தொடங்கியவர்கள் பட்டியலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்சின்கி போன்ற பெரிய நகராட்சிகள், திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம், மனநலச் சங்கம், கட்டட முதலாளிகள் சங்கம், கட்டடத் தொழிலாளர் சங்கம், கூடவே அரசின் மதுக்கடை நிறுவனமான ஆல்கோ. நம்ம டாஸ்மாக் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பகுதி சூதாட்ட மெஷின்களிலிருந்து. அந்த மெஷின்களுக்கு ஏகபோக உரிமை வைத்திருந்த ரே என்ற அமைப்பு தன் லாபத்தை நலப்பணிகளுக்குக் கொடுத்தது. அந்த மானியத்தோடு கடனையும் சேர்த்து வீடு வாங்கினார்கள்.

அவர்கள் வாங்கிய விதம்தான் முக்கியம். அங்கே ஒரு ஃபிளாட்டை வாங்குவது என்றால், அந்தக் கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனியில் உங்கள் ஃபிளாட்டுக்கான பங்குகளை வாங்குவது என்று அர்த்தம். அதனால் தனியாக ஹோம் கட்டி, போர்டு மாட்டவேண்டிய அவசியம் இல்லை. இந்தத் தெருவில் ஒரு ஒற்றை அறை ஃபிளாட், அந்தத் தெருவில் இன்னொன்று என்று சாதாரணக் கட்டடங்களில் சிதறலாக வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இன்னொரு வாடகை வீடு, அவ்வளவுதான். குடியிருப்பவர் தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் போடுவார், வாடகையும் அவரே கட்டுவார். வருமானம் போதாவிட்டால் கெலா என்ற அரசு நிறுவனம் வீட்டு உதவித்தொகை தரும். சமூகப் பணியாளர் வருவார், ஆனால் அவரைச் சந்திக்காததற்காக வீடு பறிபோகாது.

தனியாளுக்கு வீடு தரமாட்டேன் என்ற பதிலைக் கேட்டுத் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பின்லாந்திலும் 80-களில் வீடில்லாமல் நின்றவர்களில் பெரும்பாலோர் தனியாட்கள். அவர்களுக்கேற்ற சின்ன வீடுகள்தான் போதவில்லை.

இப்படி 20 வருஷத்துக்கு மேல் வீடு சேர்த்த பிறகுதான் 2008-இல் அரசு பாவோ என்ற திட்டத்தைத் தொடங்கி, பழைய விடுதிகளை மூடச் சொன்னது. ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஆல்பிகாட்டு விடுதி 2012-இல் 81 தனி வீடுகளாக மாறியது. 1985-இல் அந்த நகரில் 2,000-க்கு மேல் இருந்த விடுதிப் படுக்கைகள் 2016-இல் 52 ஆகின. இந்த 2008-லிருந்துதான் நம்ம கட்டுரைகள் கதையை ஆரம்பிக்கின்றன. ஆள் குடியேற வீடு இருந்ததால்தான் விடுதியை மூட முடிந்தது. வீடு இல்லாமல் விடுதியை மூடினால் அதற்குப் பெயர் வேறு.

ஆல்பிகாட்டு மாதிரியிலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஒரே கட்டடத்தில் 81 பேர், எல்லோரும் பழைய தெருவாசிகள். கதவுக்குச் சாவி இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, சரி. ஆனால் குடியை விட நினைப்பவர் கதவைத் திறந்தால் எதிரே அதே கூட்டாளிகள். சிதறலாக வீடு தருவதுதான் செம்பரிஸின் வழி. பின்லாந்து இரண்டையும் கலந்து செய்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியும் இருக்கிறார்கள். வீடியோக்களில் காட்டப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டடங்கள்தான். சிதறலாக இருக்கும் வீட்டைப் படம் பிடித்தால் அதில் பார்க்க ஒன்றுமே இருக்காது, பாவம் கேமராமேன்!

"வீடில்லாதவர்களே இல்லை" என்பதும் பொய். நீண்டகாலமாக வீடில்லாதவர் நிலையை 2015-க்குள் முடிப்பது இலக்கு. குறைந்ததோ சுமார் 35 சதவீதம். 1987-இல் 18,000-க்கு மேல் இருந்த மொத்த எண்ணிக்கை 2023-இல் 3,429. இதில் பெரும்பாலோர் நண்பர், உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்கள். அவர்களையும் வீடில்லாதவர் என்று நேர்மையாக எண்ணுகிற நாடு அது. பல நாடுகள் எண்ணுவதில்லை. இது மகத்தான சாதனை. இதை அதிசயம் என்று சொல்லி ஏன் மலிவாக்கணும்?

அதிசயம் என்று சொல்வதில் நிஜமான ஆபத்தும் இருக்கு. ஒய் ஃபவுண்டேஷன் இன்று சுமார் 18,000 வீடுகள் வைத்திருக்கும், நாட்டின் பெரிய ஹவுஸ் ஓனர்களில் ஒன்று. ஓனருக்கு வாடகை வரணும். கடன் கட்டணும், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கணும். வாடகை பாக்கி விழுந்தால் ஆலோசகரை அனுப்புவார்கள், தவணை போட்டுத் தருவார்கள். அதற்கும் மேல் போனால், கைதூக்கிவிட்ட அதே அமைப்புதான் காலிசெய்யச் சொல்லும் நிலைக்கும் வரும். உதவுகிறவரும் ஓனரும் ஒரே ஆள் என்ற இந்தச் சங்கடத்தை நான் படித்த பாராட்டுக் கட்டுரை ஒன்றுகூடத் தொடவில்லை. ஏழைக் குடியிருப்பாளர் விஷயத்தில் இந்தச் சங்கடத்தை இத்தனை வருஷம் மறைத்துவைத்தது கெலாவின் உதவித்தொகை.

2024-இல் அரசு அதில் கைவைத்தது. கணக்கில் எடுக்கும் வீட்டுச் செலவில் 80 சதவீதம் வரை ஈடுகட்டிய உதவித்தொகை 70 ஆனது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர் 3,806 பேர். பத்து வருஷத்துக்கு மேலாகக் குறைந்துகொண்டே வந்த எண்ணிக்கை முதல் தடவையாக ஏறியது. இந்த ஒரு வெட்டு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வேறு உதவிகளும் அப்போது குறைக்கப்பட்டன. ஆனால் ஹவுசிங் ஃபர்ஸ்ட் கொள்கையை யாரும் கைவிடவில்லை. ஒய் ஃபவுண்டேஷன் வீடுகளும் அங்கேயேதான் இருக்கின்றன.

வீடியோ நேற்றுக்கூட ஒரு குரூப்பில் வந்தது, பழைய எண்களோடு.