இரட்சணிய யாத்திரிகத்தில் அகப்போராட்டமும் தன்பொறுப்பும்

முன்னுரை

'ஐயோ பாவம்' என்று நாம் பரிவோடு சொல்லும்போது துன்புறுபவர்மீது எக்குற்றத்தையும் சுமத்துவதில்லை. அதே 'பாவம்' என்னும் சொல், பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயத்திலோ கிள்ளான் லூர்து மாதா ஆலயத்திலோ தமிழ் வழிபாட்டில் ஒலிக்கும்போது, அதைச் சொல்பவர் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். மனிதன் பாவத்திற்கு ஆட்பட்டவனா, பாவத்தைச் செய்தவனா? இரண்டும் உண்மையெனின் பொறுப்பு யாருடையது? எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாட்டுப் பின்னணி

உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல், தாம் விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்வதாக வருந்துகிறார். அகப்போராட்டம் பற்றிய கிறித்துவச் சிந்தனைக்கு இதுவே ஊற்றாகும். அகுஸ்தீன் தம் ஒப்புதல் நூலில், பதினாறு வயதில் நண்பர்களுடன் பேரிக்காய் திருடியதைப் பல பக்கங்களில் ஆராய்கிறார். பசியால் திருடவில்லை, திருட்டையே விரும்பித் திருடினேன் என்னும் முடிவுக்கு வருகிறார். சூழலைக் காரணம் காட்டித் தப்ப இயலாத ஒரு நிகழ்ச்சியை அவர் தேர்ந்துகொண்டது நோக்கத்தக்கது.

பின்வந்த மரபுகள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் அணுகின. கத்தோலிக்க மரபு, சாவான பாவத்திற்குக் கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் என மூன்று கூறுகளை வேண்டும். சம்மதமின்றி எழும் தீய நாட்டம் சோதனையே அன்றிப் பாவமாகாது. லுத்தரோ, விசுவாசி ஒரே வேளையில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்றார். முன்னது பொறுப்பின் எல்லையை வரையறுக்கிறது. பின்னது போராட்டம் வாழ்நாள் முழுதும் தொடரும் என உணர்த்துகிறது.

மூலநூலின் இரு நிகழ்ச்சிகள்

இரட்சணிய யாத்திரிகத்தின் மூலமான ஜான் பன்யனின் பரதேசியின் மோட்சப் பயணம் 1678இல் வெளிவந்தது. அதன் இரு நிகழ்ச்சிகள் நம் வினாவிற்கு நேரடியாக விடை தருகின்றன. மரண நிழலின் பள்ளத்தாக்கில் தீய ஆவியொன்று பயணியின் பின்னே வந்து தெய்வ நிந்தனையைச் செவியில் முணுமுணுக்கிறது. அவை தன் உள்ளத்தில் எழுந்தவை என்றே அவன் எண்ணி வருந்துகிறான். பிறிதோரிடத்தில், பாதை கரடுமுரடாக இருந்தமையால் அவனே தோழனைப் புல்வெளி வழியே அழைத்துச் சென்று, இருவரும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்பட நேர்கிறது. அதற்குத் தன் பிழையே காரணம் என்று ஒப்புக்கொண்டு தோழனிடம் அவன் மன்னிப்புக் கேட்கிறான். முன்னதில் இல்லாத குற்றத்தைச் சுமக்கிறான். பின்னதில் உள்ள குற்றத்தை ஏற்கிறான். இவ்விரண்டையும் பிரித்தறிவதே மனசாட்சியின் முதற்பணி எனலாம்.

காப்பியமும் தேவாரமும்

வைணவ வேளாளர் குடும்பத்தில் தோன்றி 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, இக்கதையை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்களாக விரித்து 1894இல் நூலாக்கினார். கம்பனைப் பயின்ற அவரது புலமை நூலெங்கும் தெரிகிறது. எனினும் காப்பிய மரபு அவருக்கு ஒரு தடையாகவும் அமைந்தது என்பது நம் கருத்து. வருணனையும் போர்க்களமும் வளரும்போது பாவம் புறத்தே நிற்கும் பகையாகிவிடுகிறது. அதனை எதிர்க்கும் வீரனைக் கண்டு வியக்கிறோம். அப்பகைக்கு உள்ளிருந்து கதவு திறந்தவன் யார் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

இக்குறையை நிறைவு செய்வன நூலின் இடையிடையே அமைந்த இரட்சணிய தேவாரப் பாடல்களே. காப்பியம் 'அவன்' எனப் படர்க்கையில் செல்ல, தேவாரம் தன்மையில் பேசுகிறது. பழி சுமத்த வேறெவரும் இல்லாத தனிமையில், பாடுபவர் இறைவன்முன் நிற்கிறார். இப்பாடல்களைத் தனி அணியாகக் கருதிக் கதையை மட்டும் பயில்வது நூலின் மையத்தை இழப்பதாகும்.

குமார பருவத்தில் கிருஷ்ணபிள்ளை இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடியிருப்பதும் இந்நோக்கில் பொருளுடையது. பன்யனில் இத்துணை விரிவு இல்லை. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலில் எடுத்தாளப்பட்டதும் இப்பகுதியே. மத்தேயு நற்செய்தியில் பிலாத்து, குற்றமற்றவர் எனத் தான் உணர்ந்தவரைக் கைகழுவிவிட்டுத் தண்டனைக்கு ஒப்புவிக்கிறான். அறிவு இருந்தும் பொறுப்பை மறுப்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது.

பக்தி மரபும் வேறுபாடும்

தம்மை இழித்துரைக்கும் இக்குரல் நாவுக்கரசர், மாணிக்கவாசகர் ஆகியோரிடமிருந்து பெற்ற மரபே அன்றிப் புதிதன்று என வாதிடலாம். குரல் அம்மரபினது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயின் அதன் அடித்தளம் வேறு. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் செம்பிற் களிம்புபோல் உயிரை அநாதியே பற்றியது. கிறித்துவத்தில் பாவம், படைத்தவரோடுள்ள உறவை மனித விருப்பம் முறித்ததால் வந்தது. ஆகவே அங்கு மலநீக்கமும் இங்கு மன்னிப்பும் முதன்மை பெறுகின்றன. இதனால் சைவம் பொறுப்பை மறுக்கிறது என்று கொள்ளல் தவறு. செய்தவனே வினைப்பயனை நுகர்வான் என்னும் கொள்கை பொறுப்பை மிகக் கண்டிப்பாக வலியுறுத்துவதாகும். மாறாக, பிறவிப்பாவம் என்னும் கருத்து முதற்பெற்றோரின் பிழையை வழித்தோன்றல்கள்மேல் ஏற்றுகிறதே என்னும் வினாவிற்குக் கிறித்துவ இறையியலே விடைகூற வேண்டியுள்ளது. நாட்டம் வழிவழி வருவது, இசைவு அவரவருடையது என்பது அவ்விடையின் சுருக்கமாகும்.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இவ்வாய்வு பழஞ்செய்தியன்று. பிள்ளைகளின் தவற்றுக்கு நண்பர்களையும், குடிப்பழக்கத்திற்குத் தோட்ட வாழ்வையும், பிறவற்றுக்கு விதியையும் காரணம் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. சிலர் சாத்தானைக் காரணமாக்குவர். இவற்றுள் பல மெய்க்காரணங்களே. வறுமையும் ஒதுக்கலும் மனிதரை ஒடுக்குவதை மறுப்பவர் கடின நெஞ்சினர். ஆனால் காரணம் கூறுவது வேறு, பொறுப்பேற்பது வேறு. முழுப்பழியையும் ஒருவன்மேல் போடுவது கொடுமை. அவனுக்கு எப்பொறுப்பும் இல்லை என்பதோ, திருந்தவல்ல மனிதன் என்னும் தகுதியையே அவனிடமிருந்து பறிப்பதாகும். இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பியமும் தேவாரமும் இணையப் பயில்வோர், 'ஐயோ பாவம்' என்னும் பரிவையும் 'என் பாவம்' என்னும் ஒப்புதலையும் ஒருங்கே கற்பர். வகுப்பறையில் இந்நூலை அவ்வாறு முழுமையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே நம் பரிந்துரை.