கடியாரத்தில் பாடபேதம்

விலை உயர்ந்த கைக்கடியாரங்களைச் சேர்க்கிறவர்களை நான் வெகு காலம் கேலி செய்துகொண்டிருந்தேன். மணி பார்க்க ஒன்று போதாதா என்று கேட்டதில்லை. என் அலமாரியைக் காட்டி, படிக்க ஒரு புத்தகம் போதாதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி செய்த இரண்டு கடியாரங்களை எதிரில் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு புள்ளிக்காக வாதாடுகிறார்களே, அதைத்தான் கேலி செய்தேன்.

ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டரில் உண்மையாகவே அப்படி ஒரு புள்ளி இருக்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் 90 என்ற எண்ணின் தலைக்கு மேல் அது இருந்தால் பழைய வளையம். பக்கத்தில் இருந்தால் பிந்தியது. புள்ளி நகர்ந்தால் விலையும் நகர்ந்துவிடும்.

இப்போது கேலியைப் பாதி விட்டுவிட்டேன். மீதிப் பாதியை ஏன் விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரசித்தமான உதாரணம் ஒன்று. ரோலெக்ஸ் கம்பெனி 1963-ல் கார்ப் பந்தயக்காரர்களை உத்தேசித்து டேடோனா என்ற கடியாரத்தைக் கொண்டுவந்தது. அதில் சிலவற்றின் டயல் சற்று மாறுதலானது. உள்ளிருக்கும் சின்ன வட்டங்களில் கோடுகளின் நுனியில் குட்டிச் சதுரங்கள். வினாடி வட்டத்தில் 20, 40, 60 என்பதற்குப் பதிலாக 15, 30, 45, 60. அவ்வளவுதான் வித்தியாசம். கடைகளில் அதைச் சீந்துவார் இல்லை. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கார்ப் பந்தயப் பைத்தியமான அவருக்கு மனைவி ஜோன் உட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. பின்புறம், ஜாக்கிரதையாக ஓட்டும்படி ஒரு வரி பொறித்து, கீழே பெயர் போடாமல் 'நான்' என்று மட்டும் எழுதச் செய்திருந்தார். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அந்த மாதிரி டயலுக்கே நடிகரின் பெயர் நிலைத்துவிட்டது. சதுரங்கள் அன்று இருந்தபடியேதான் இருக்கின்றன. பார்க்கிற கண்தான் மாறியது.

ஆனால் என் மனசை மாற்றியது இந்தக் கடியாரம் அல்ல, ஓர் எழுத்து.

பழைய ஸ்விஸ் கடியாரங்களின் டயலில், 6-க்குக் கீழே, நாட்டின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். 1960-களிலிருந்து பலவற்றில் அந்தப் பெயருக்கு இரு புறமும் ஆங்கில 'டி' எழுத்து காவல் நிற்கும். இருட்டில் ஒளிரப் பூசியிருப்பது ட்ரிட்டியம் என்பதற்கு அது அடையாளம். அதற்கு முன் பூசியது ரேடியம். 1920-களில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இளம் பெண்கள் உட்கார்ந்து ரேடியம் கலந்த வர்ணத்தால் டயல்களில் எண் எழுதினார்கள். தூரிகை நுனி கூராக வேண்டுமென்று அதை உதட்டில் வைத்துச் சரிசெய்தார்கள். அப்படித்தான் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. ட்ரிட்டியம் சுமார் 12 வருஷத்தில் பாதியாகிவிடும். ரேடியம் பாதியாக 1,600 வருஷம் ஆகும். பழைய டயலின் ஒளி என்றோ மங்கிவிட்டது. ரேடியம் அங்கேயே இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த எழுத்தை எப்படி அற்பம் என்பது? ஏட்டுச்சுவடியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பாடபேதம் என்று புலவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறார். யார் கை, எந்தக் காலம் என்று தேடுகிறார். கடியாரம் சேர்க்கிறவரும் அப்படி ஒரு வாசகர்தான், நல்ல வாசகர்.

விலை நுழைந்ததும் இந்த வாசகருக்குக் கண் மங்கிவிடுகிறது. காலத்தால் பழுப்பேறிய கறுப்பு டயல் என்றால் இவர்கள் உயிரை விடுவார்கள். 2021 நவம்பரில் ஜெனிவா ஏலத்தில் அப்படிப்பட்ட பழைய ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் பிராங்குக்கு மேல் விற்றது. பல கடியாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது அது என்று 2023-ல் வெளிவந்தது. வாங்கியவர் யார் என்கிறீர்கள்? ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்!

இன்னொரு பக்கம், கம்பெனிகளே வித்தியாசத்தை உற்பத்தி செய்கின்றன. ஒரு நிறத்தை மாற்றி, 170 மட்டுமே செய்தோம் என்று அறிவித்தால் வரிசை நிற்கிறது. நாவல் எழுதுகிற எங்களுக்கும் இந்த வியாதி உண்டு. பாத்திரம் தனியாகத் தெரியவேண்டுமென்று ஒரு திக்குவாயை, ஒரு பொடி மட்டையை ஒட்டவைக்கிறோம். வாசகர் ஏமாறுவதில்லை. வாழ்ந்ததால் ஏற்பட்ட வித்தியாசம் வேறு, விற்பதற்காக வைத்த வித்தியாசம் வேறு.

என் தகப்பனார் கட்டியிருந்த சாதாரணக் கடியாரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. டயலில் 7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு கறை இருந்தது. ஏதோ ஓர் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே வீடு வந்தபோது இறங்கிய ஈரம். ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர். நான் கேட்காமலேயே டயலைப் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குக் கூலிகூட வாங்கவில்லை. பளபளவென்று இருக்கிறது, மணியும் சரியாகக் காட்டுகிறது. கட்டிக்கொண்டால் யாருடைய கடியாரத்தையோ இரவல் வாங்கின மாதிரி இருக்கிறது. அந்தக் கறைக்கு எந்த ஏலத்திலும் காலணா கிடைக்காது.

இப்போதெல்லாம் யாராவது பூதக்கண்ணாடியை எடுத்தால் நான் சிரிப்பதில்லை. என்ன தெரிகிறது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்கிறேன். விலையைச் சொல்ல ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுகிறேன்.