எழுதுதலும் ஆய்தலும்

லாபிஸ் தோட்டப் பள்ளியில் யான் கற்பித்த மாணவரொருவர் இன்று கணினி நிரலர். "இப்பொழுது எழுதுவது பொறி, பிழை பார்ப்பதே என் வேலை, ஐயா!" என்றார். விரைவேனும் மிகுந்ததோ? 2025-இல் மீட்டர் என்னும் ஆய்வமைப்பு தேர்ந்த நிரலர் 16 பேரைச் சோதித்தது. செயற்கை நுண்ணறிவுத் துணையால் 19 விழுக்காடு நேரம் கூடிற்று. அவர்களோ 20 விழுக்காடு குறைந்ததென்றே நம்பினர்!

தேர்ந்தவரே இங்ஙனம் மயங்கின், எழுதிப் பழகாத இளைஞர் பொறியின் பிழையை எங்ஙனம் காண்பர்? 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடெழுதினோர் பிழைகளைக் கண்டது எதனால்? ஆசானிடம் பாடங்கேட்டும், ஏடு பல ஒப்புநோக்கியும், சைன அன்பரை வினவியும் பெற்ற புலமையால் அன்றோ! கருவியை விலக்க வேண்டா. பயிற்சியைக் கைவிடலாகாது என்பதே என் துணிபு.