சவேரியாரின் ஆவலாதிகள்

நாஞ்சில் நாட்டுப் பேச்சு வழக்கில் 'ஆவலாதி' என்றொரு சொல் உண்டு. குறைகூறல் என்றும் முறையீடு என்றும் அதற்குப் பொருள் சொல்லலாம். ஆயினும் அச்சொல்லின் முழு எடையையும் அவை தாங்குவதில்லை. மருமகளைப் பற்றி மாமியார் பக்கத்து வீட்டில் சொல்வதும் ஆவலாதிதான். பங்குக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று, தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எல்லோர் முன்னும் எடுத்துரைப்பதும் ஆவலாதிதான். முன்னதில் மனப் புழுக்கம் வெளியேறுகிறது. பின்னதில் நீதி கேட்கப்படுகிறது. ஒரே சொல்லுக்குள் வாழும் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டின் சிற்றூர்களில் வாழப் போனவர்களிடம் ஆவலாதிக்குப் பஞ்சமே இருப்பதில்லை. உணவு, தண்ணீர், வெயில், குளிர், மொழி, சொன்ன நாளில் வராத வேலையாள் என அன்றாடம் ஒன்று கிடைத்துவிடும். விவிலியத்தில் இதற்கு மிகப் பழைய சான்று உண்டு. அடிமை வீட்டிலிருந்து மீட்கப்பட்ட இஸ்ரயேல் மக்கள், பாலைநிலத்தில் நின்றுகொண்டு எகிப்தின் உணவுகளைப் பட்டியலிட்டு ஏங்கியதை எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அப்பட்டியலில் முதலில் வருவது மீன். பின்னரே வெள்ளரியும் வெங்காயமும் பூண்டும் வருகின்றன. கடற்கரை மக்களாகிய நமக்கு அந்த ஏக்கம் புரியாததன்று. துபாயில் மகனைப் பெற்ற ஒரு தாய் என்னிடம், "அங்க மீனுக்கு ருசியே இல்லியாம் சாமி" என்று சொன்னபோது அவர் குரலில் கேட்டதும் அதே ஏக்கந்தான்.

ஆனால் விவிலியம் முறுமுறுப்பையும் புலம்பலையும் ஒன்றாக வைப்பதில்லை. முறுமுறுப்பு முதுகுக்குப் பின்னால் பேசப்படுவது; புலம்பல் இறைவனின் முகத்துக்கு நேரே சொல்லப்படுவது. முறுமுறுத்தவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். புலம்பியவர்களின் சொற்களோ திருப்பாடல்களாகி, இன்றும் நம் வாயில் மன்றாட்டாக நிற்கின்றன. துறவியருக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட் தம் ஒழுங்கில் பல இடங்களில் முறுமுறுப்பைக் கடிந்துரைப்பதும் இது கருதியே. ஆகவே, ஆவலாதி இலக்கியத்தைத் திறனாய்வு செய்வோர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இது யாரிடம் சொல்லப்படுகிறது? இதன் பழி யார்மேல் வைக்கப்படுகிறது?

இந்த அளவுகோலைக் கொண்டு, உலகம் நன்கறிந்த ஒரு நூலை முதலில் பார்ப்போம். விளம்பரத் தொழிலை விட்டுவிட்டு மனைவியோடு தென்பிரான்சின் லூபரோன் பகுதியில் பழைய பண்ணைவீடொன்றை வாங்கிக் குடியேறிய ஆங்கிலேயர் பீட்டர் மேய்ல், 1989இல் வெளியிட்ட 'புரோவான்சில் ஓர் ஆண்டு' என்பதே அது. சனவரி முதல் திசம்பர் வரை பன்னிரு மாதங்கள், பன்னிரு அதிகாரங்கள். மிஸ்ட்ரால் என்னும் வாடைக்காற்று தண்ணீர்க் குழாய்களை உறைய வைக்கிறது. வீட்டைச் செப்பனிட வந்த தொழிலாளர் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நாளை என்ற சொல்லுக்கு அங்கே வேறு பொருள் இருப்பதாக ஆசிரியர் அறிந்துகொள்கிறார். இறுதியில் அத்தொழிலாளர்களை மனைவியரோடு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்து, அந்த நாணத்தால் வேலையை முடிக்க வைக்கிறார்கள்.

நூல் சுவையானது, அதில் வன்மம் இல்லை. ஆசிரியர் தம்மையும் சேர்த்தே நகைக்கிறார். இருந்தும் வாசித்து முடித்தபின் ஒரு நெருடல் எஞ்சுகிறது. குழாய்க்காரரும் பக்கத்துத் தோட்டத்து விவசாயியும் நமக்கு வேடிக்கை மாந்தர்களாகவே அறிமுகமாகிறார்கள். அவர்கள் இந்த அயலாரைப் பற்றி என்ன ஆவலாதி சொன்னார்கள் என்பது நமக்குக் கேட்பதே இல்லை. அந்நூலைப் படித்த வாசகர்கள் கூட்டங்கூட்டமாக வந்து அவர் வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கியபோது, ஆசிரியரே சில ஆண்டுகள் அங்கிருந்து விலகிப் போக நேர்ந்தது. அயலாராக வந்தவர், அயலார் வருகையைத் தாங்கமாட்டாமல் போனார்!

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, 2021 முதல், பிரெஞ்சுச் சிற்றூர்களில் வீடு வைத்திருக்கும் ஆங்கிலேயரின் ஆவலாதியும் நிறம் மாறிற்று. முன்பு நண்பகலில் இரண்டு மணிநேரம் கடை மூடுவதும் கழிவுநீர்த் தொட்டியுமே அவர்களுக்குப் பெருங்குறைகள். இப்போது 180 நாள்களில் 90 நாள்களுக்கு மேல் தங்க வேண்டுமென்றால் விசாவோ வதிவிட அட்டையோ வேண்டும். அதே பிரான்சில், பாரிசின் லா ஷப்பேல் தெருக்களில் கடை நடத்தும் ஈழத்தமிழர்கள் அத்தகைய தாள்களுக்காக வாழ்வின் நல்ல ஆண்டுகளைக் காத்திருப்பில் கழித்தவர்கள். ஒருவருக்கு அது எரிச்சல். மற்றவருக்கு அது உயிர்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். இராஜாக்கமங்கலம் துறை அமைந்திருக்கும் இதே கரையில், 1544ஆம் ஆண்டின் இறுதியில் நடந்து சென்ற ஓர் அயலார் உண்டு. நவார் நாட்டில் பிறந்து பாரிசில் கற்ற புனித பிரான்சிஸ் சவேரியார் அவர். அவருடைய கடிதங்களில் இரண்டை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஒன்று, 1544 சனவரி 15இல் கொச்சியிலிருந்து எழுதியது. திருமுழுக்கு அளித்து அளித்துக் கைகள் சோர்ந்ததையும், பாரிசுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பித்தனைப் போல் கூவ விரும்புவதையும் கூறுவது. மற்றொன்று, 1545 சனவரி 27இல் எழுதியது. ஒரே மாதத்தில் திருவிதாங்கூர்க் கரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததைத் தெரிவிப்பது. இவ்விரண்டும் ஐரோப்பாவில் இருந்த தோழர்களுக்காக எழுதப்பட்டவை. வெற்றியின் ஒலி அவற்றில் ஓங்கியிருப்பது இயல்பே.

ஆனால் இவ்விரு கடிதங்களுக்கும் இடைப்பட்ட அந்த ஒரே ஆண்டில், மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து அவர் எழுதிய இருபதுக்கு மேற்பட்ட சிறு மடல்கள் உள்ளன. எல்லாம் பிரான்சிஸ்கு மன்சிலாசு என்னும் ஒருவருக்கே எழுதப்பட்டவை. இந்த மன்சிலாசு கல்வியில் பின்தங்கியவர். அப்போது குருப்பட்டமும் பெறாதவர். எளிதில் சலித்துப்போகும் இயல்பினர். பிறர் கண்ணுக்கென்று எழுதப்படாத இம்மடல்களிலேதான் ஆவலாதிகள் நிறைந்துள்ளன. என் மனத்துக்கு, சவேரியாரின் எழுத்தில் மிக உயர்ந்தவை இவையே.

அவற்றில் காற்று எதிர்த்து அடிக்கிறது. 1544 சூன் மாதத்தில் வடுகப் படையினருக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஏறி, பசியாலும் தாகத்தாலும் வாடிய மக்களுக்கு உணவு கொண்டு செல்ல, மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு அவர் புறப்பட்டார். காற்று அவரைக் குமரியை அடைய விடவில்லை. பின்னர்த் தரைவழியே நடந்து போய் அம்மக்களைக் கண்டார். உண்ண ஏதுமற்றவர்கள், நடக்க மாட்டாத முதியோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் என்று ஆகஸ்டு முதல் நாள் மடலில் அவர் குறிப்பதைப் படிக்கும்போது, காற்றைப் பற்றிய ஆவலாதி எதற்காக என்பது விளங்குகிறது. மேய்லின் மிஸ்ட்ரால் அவருடைய குழாயை உடைத்தது. சவேரியாரின் எதிர்க்காற்றோ பிறருடைய பசியை நீட்டித்தது.

அவருடைய மிகக் கசப்பான ஆவலாதி யாரைப் பற்றியது? மொழி புரியாத மக்களைப் பற்றியதன்று. கூடவே வந்த போர்த்துக்கீசியரைப் பற்றியது. உள்நாட்டான் ஒருவனைப் போர்த்துக்கீசியன் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனதை அறிந்தபோது, இந்நாட்டவர் நம்மவரை அவ்வாறு தூக்கிச் சென்றால் நமக்குப் பொறுக்குமா, அவர்களுக்கும் நம்மைப் போன்ற உணர்வு உண்டன்றோ என்ற கருத்தில் அவர் எழுதினார். மனம் கசந்து, தடுப்பார் இல்லாத அபிசீனிய நாட்டுக்கே போய்விடலாமா என்றும் எண்ணினார். கடலோடி வந்த ஐரோப்பியர் பலர் அயலவரைப் பழித்துத் தம்மவரைக் காத்து எழுதிய காலத்தில், இவர் பழியைத் தம் இனத்தின்மேல் வைத்தார்.

அதைவிட வியப்பானது அதன் பின்விளைவு. தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தானின் நடத்தையை அவர் மிகக் கடுமையாகக் குறைகூறியிருந்தார். அதே கப்பித்தானின் கப்பலும் வீடும் தீக்கிரையாகி, அவர் தீவுகளுக்குத் தப்பியோடினார் என்ற செய்தி 1544 செப்டம்பரில் வந்தது. உடனே தண்ணீரும் உணவும் ஏற்றிய தோணிகளோடு உதவிக்கு ஓடுமாறு மன்சிலாசுக்கு எழுதினார். ஆவலாதி சொன்ன வாயே அடைக்கலமும் சொல்கிறது. குறைகூறப்பட்டவனும் காப்பாற்றப்பட வேண்டியவன் என்பதை மறவாத ஆவலாதிக்கு முறுமுறுப்பு என்று பெயரிட முடியாது.

மொழியைப் பற்றிய மடலே இவற்றுள் மணிமுடி. மொழிபெயர்ப்பாளன் நோயுற்று மணப்பாட்டில் கிடக்க, சவேரியார் தனித்து நிற்கிறார். மக்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லை. அவர் சொல்வது மக்களுக்கும் புரியவில்லை. தாம் செய்யும் பிரசங்கம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லி மன்சிலாசிடம் சற்றே சிரித்துக்கொள்கிறார். உடனே, பச்சிளங் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லை என்றும், ஏழைகள் தம் தேவையை மொழிபெயர்ப்பின்றியே தமக்குப் புரியவைக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். ஆவலாதியாகத் தொடங்கிய வாக்கியம் அன்பின் இலக்கணமாக முடிகிறது. எத்தனையோ மறையுரைகளில் நான் தேடிக் காணாத எளிமை இது.

எனினும் புனிதர் என்பதற்காகத் திறனாய்வைக் கைவிடுவது அவருக்கும் மரியாதை ஆகாது. இம்மடல்களில் குறைகள் உண்டு. சாராயம் அருந்தும் பெண்களைத் தண்டிக்க அவர் செய்த ஏற்பாட்டில், அப்பெண்களின் துயரம் கேட்கப்படவில்லை. சனவரி 15ஆம் நாள் கடிதத்தில் பிராமணரைப் பற்றி அவர் பயன்படுத்திய கடுஞ்சொற்களை இன்று நாம் அப்படியே ஏற்கவியலாது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் உள்ளவற்றைத் திருச்சபை வெறுத்து ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பரதவரும் முக்குவரும் இந்த வெள்ளைக்காரச் சாமியாரைப் பற்றி மாலையில் கரையில் அமர்ந்து என்ன ஆவலாதி சொன்னார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை. மேய்லிடம் நாம் கண்ட அதே மௌனம் இங்கும் உண்டு. வேறுபாடு ஒன்றுதான்: மேய்லின் நூலில் அந்த மௌனத்தை நாம் கவனிப்பதில்லை, இம்மடல்களில் அது நம்மை உறுத்துகிறது. மக்களுக்கும் நம்மைப் போன்ற உணர்வு உண்டு என்று எழுதியவரே அந்த உறுத்தலையும் நமக்குத் தந்துவிட்டார்.

இதையெல்லாம் இன்று எண்ணுவதற்குக் காரணம் உண்டு. நம் குருக்களும் கன்னியரும் இன்று ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பணிபுரிகிறார்கள். அவர்கள் எழுதும் மடல்களில் குளிரும் வெறிச்சோடிய ஆலயங்களும் காரமற்ற உணவும் தவறாமல் இடம்பெறுகின்றன. இவற்றை எழுதுவது பிழையன்று. நடந்ததை மறைப்பதே பிழை. ஆயினும் அந்த ஊரின் முதியவள் ஒருத்திகூடப் பெயரோடும் முகத்தோடும் அம்மடல்களில் வருவதில்லை. வெறுமையான ஆலயத்தில் தனியே அமர்ந்திருக்கும் அவளுக்கும் ஓர் ஆவலாதி இருக்குமே! அதைக் கேட்டு எழுதினால் அந்த மடல் இலக்கியமாகும். பணியும் அங்கேதான் தொடங்கும்.

வெளிநாடு போனவர்களை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவியலாது. நம் மாவட்டத்துக் கட்டட வேலைகளிலும் உணவகங்களிலும் வடநாட்டு இளைஞர்கள் உழைக்கிறார்கள். அவர்களைப் பற்றிய ஆவலாதி தேநீர்க்கடையில் நாள்தோறும் கேட்கிறது. நானும் அதைக் கேட்டுத் தலையசைத்ததுண்டு. நம் சோற்றையும் வெயிலையும் மொழியையும் பற்றி அவர்கள் இரவில் தம் தாய்க்குத் தொலைபேசியில் என்ன சொல்கிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சவேரியாருக்காவது மொழிபெயர்ப்பாளன் நோயுற்றிருந்தான். எனக்கு அத்தகைய சாக்கும் இல்லை.

மன்சிலாசின் கதை இன்பமாக முடியவில்லை. மலுக்குத் தீவுகளுக்கு வரச் சொன்ன கட்டளைக்கு அவர் கீழ்ப்படியாததால், 1548இல் சவேரியார் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். ஆயினும் அந்தச் சலிப்புற்ற மனிதருக்கு எழுதப்பட்ட மடல்களே இன்று நம் கையில் எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்றில், தீய பிள்ளைகளிடம் நல்ல தந்தை நடந்துகொள்வதுபோல் மக்களிடம் நடந்துகொள்ளுமாறு அவருக்குச் சொல்லப்படுகிறது. மற்றொன்றில், அங்கே படும் தொல்லையை உத்தரிக்கிற தலத்து வேதனையாக எண்ணிப் பொறுத்துக்கொள்ளுமாறு சொல்லப்படுகிறது. தாமே களைத்துப்போன ஒருவர், களைத்துப்போன மற்றொருவரைத் தேற்றிய சொற்கள் அவை. திசம்பர் 3ஆம் நாள் கோட்டாற்றுப் பேராலயத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்போது, பத்தாயிரம் என்னும் அந்த எண்ணை மட்டுமன்றி, எதிர்க்காற்றில் திரும்பி வந்த இருபது தோணிகளையும் நாம் நினைவுகூர்தல் நலம்.