கேள்வித்தாளும் கயிறும்

ஊழியர்களின் மனநிறைவைக் கூட்ட வேண்டும் என்று முடிவெடுக்கும் நிறுவனம் முதலில் செய்வது ஒரு சர்வே. எச்.ஆர். துறையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இணைப்பு வரும். மேலதிகாரி மதிக்கிறாரா, சொல்வது காதில் ஏறுகிறதா, இந்த இடத்தை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். ஆனால் துறை, கிளை, ஆணா பெண்ணா, சேர்ந்து எத்தனை ஆண்டு என்று கேட்பார்கள். ஏழு பேர் குழுவில் பெண் ஒருவர்தான், அவர் சேர்ந்து ஒன்பது ஆண்டு ஆகிறது என்றால், அந்தப் பதிலுக்குப் பெயர் எதற்கு? போதாததற்கு, "நம்ம டீம் ஸ்கோர் இறங்கிடக் கூடாது, பார்த்துப் போடுங்க" என்று டீம் லீடர் முதல் நாளே சொல்லி வைப்பார். நாலும் அஞ்சுமாக விழும். அறிக்கை மேலே போகும். கீழே என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

இந்த முறை செலவுக்கும் நேரத்துக்கும் தகுதியானதா? வேறு எது தகுதியானது? ஊழியர் நலன் பேசும் கருத்தரங்குகளில் இது நேராகக் கேட்கப்படுவதே இல்லை என்பதால், இங்கே கிடைத்த சான்றுகளை வைத்தே நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஊழியர் ஈடுபாடு என்ற கருத்துக்கு ஆய்வுலகில் அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் வில்லியம் கான். கோடை முகாம் ஒன்றின் பயிற்றுநர்களையும் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் ஊழியர்களையும் ஆராய்ந்து 1990-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. ஒருவர் எப்போது தன்னை முழுதாக வேலைக்குள் கொண்டுவருகிறார், எப்போது உடலை மட்டும் அனுப்பிவிட்டு உள்ளுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார் என்பதே அவருடைய கேள்வி. செய்யும் வேலைக்கு அர்த்தம் இருக்கிறதா, பயமில்லாமல் வாய் திறக்க முடிகிறதா, உடம்பிலும் மனதிலும் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்ற மூன்றையும் பொறுத்து, ஒரே ஆளிடம் ஒரே நாளில் அது ஏறி இறங்கும் என்று அவர் கண்டார். அப்படி நேரத்துக்கு நேரம் மாறுவதை ஆண்டுக்கு ஒருமுறை அளந்து சராசரி எடுப்பது என்பதிலேயே முதல் இடறல் இருக்கிறது.

அதற்காக அளவுகோலையே பொய் என்று தள்ளிவிட முடியாது. கேலப் நிறுவனத்தின் பன்னிரண்டு கேள்விகளை வைத்து 36 நிறுவனங்களின் 7,939 பிரிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஈடுபாடு அதிகமுள்ள பிரிவுகளில் லாபம் கூடுதல், ஆள் விலகுவது குறைவு, விபத்தும் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டு டிமத்தி ஜட்ஜும் மூவரும் 54,417 பேரின் தரவுகளைத் திரட்டி, மனநிறைவுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.30 என்று கணக்கிட்டார்கள். மனிதர்களைப் பற்றிய ஆய்வில் இது சிறிய எண் அல்ல. ஆனால் தொடர்பு எந்தத் திசையில் ஓடுகிறது? நன்றாக ஓடும் கடையில் போனஸ் வருகிறது, மேனேஜர் முகம் மலர்ந்திருக்கிறது, ஊழியருக்கும் அந்த இடம் பிடித்துப்போகிறது. மகிழ்ச்சி வெற்றியைத் தந்ததா, வெற்றி மகிழ்ச்சியைத் தந்ததா என்பதை இந்த எண்கள் பிரித்துச் சொல்வதில்லை. சர்வே விற்பவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். கேலப்பின் அளவுகோலின்படியே பார்த்தாலும், 2024-இல் உலகத் தொழிலாளர்களில் 21 சதவீதத்தினரே ஈடுபாட்டோடு வேலை செய்தார்கள்.

சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? சம்பள அளவுக்கும் வேலை மனநிறைவுக்கும் உள்ள தொடர்பு 0.15 மட்டுமே என்று ஜட்ஜ் குழுவின் 2010 ஆய்வு சொல்கிறது. இந்த எண்ணைக் காட்டி இன்க்ரிமென்ட்டைத் தட்டிக்கழிப்பது பெரிய அநியாயம். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லும் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் என்பது வேறு, காருக்குத் தவணை கட்டும் குடும்பத்துக்கு அது வேறு. நிறைவு தருபவை ஒரு பக்கம், குறை தீர்ப்பவை மறு பக்கம் என்று பிரித்து, சம்பளத்தைப் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் வைத்த உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கின் 1959 நூலும் இதே காரணத்தால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. அவர் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும். நல்லது நடந்த நாளைச் சொல்லச் சொன்னால் மனிதர் தன் உழைப்பைச் சொல்வார், கெட்டதைச் சொல்லச் சொன்னால் நிர்வாகத்தைச் சொல்வார். இரண்டு பட்டியல் வந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கேள்விகளே.

யோகா வகுப்பு, மன அழுத்தப் பயிற்சி, தியானச் செயலி போன்றவற்றைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பேரை ஒப்பிட்டு வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட எந்த வகையிலும் நன்றாக இல்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பிறருக்கு உதவும் தன்னார்வப் பணிக்கு வாய்ப்புக் கிடைத்தவர்கள். சுமையை அப்படியே வைத்துவிட்டு, தூக்குபவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித் தருவதால் எடை குறையாது.

கர்நாடகத்து ஆயத்த ஆடை ஆலைகளில் 2016-இல் நடந்த ஒரு சோதனையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அச்யுத அத்வர்யு, தெரேசா மொலினா, அனந்த் நிஷாதம் ஆகிய மூவரும் செய்தது. ஆண்டுச் சம்பள உயர்வு வந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அந்த ஏமாற்றம் ஆறுவதற்குள், ஏறத்தாழ 2,000 பேரில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பெயர் தெரியாதபடி, வேலைச் சூழல் எப்படி, சூப்பர்வைசர் எப்படி நடத்துகிறார், மனதுக்குத் திருப்தியா என்று கருத்துக் கேட்டார்கள். மற்றவர்களிடம் அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. அடுத்த மாதங்களில், கருத்துக் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டவர்கள் குறைவு, விடுப்பு எடுத்ததும் குறைவு. அதிகம் ஏமாந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் அதிகமாகத் தெரிந்தது. குரல் கொடுக்க வழியிருந்தால் மனிதர் வெளியேற மாட்டார் என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் சொன்னதை முதன்முறையாகச் சோதனை வழியே காட்டியிருக்கிறோம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சர்வேக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. எனக்கு இதுவே பெரிய கவலையும் தருகிறது. ஆலை ஒன்றே, சம்பள உயர்வும் ஒன்றே. நிர்வாகம் ஏதாவது சரிசெய்திருந்தாலும் அது இரு சாராருக்கும் பொது. வித்தியாசம், ஒருவரிடம் கேட்டார்கள், இன்னொருவரிடம் கேட்கவில்லை என்பது மட்டுமே. அப்படியானால் குறை தீராமலே, கேட்டதாலேயே ஆள் தங்கிவிடுகிறார். நம் வீடுகளில் மனத்தாங்கலோடு கிளம்பும் உறவினரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, "என்னம்மா விஷயம், சொல்லு" என்று கேட்டாலே பாதிக் கோபம் தணிந்துவிடும். அந்த அன்பு உண்மையானதாக இருக்கலாம். சொத்துப் பிரச்சினை அப்படியே இருக்கும். மனிதருக்குள் ஆழமாக இருக்கும் இந்தத் தேவையை ஒரு நிறுவனம் மலிவான பூட்டாகப் பயன்படுத்த முடியும் என்பதை இந்தச் சோதனை, ஆய்வாளர்கள் எண்ணாமலேயே, காட்டிவிட்டது.

அதே 2016-இல், அதே மாநிலத்தில், அதே தொழிலில் இன்னொன்றும் நடந்தது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. ஏப்ரல் 18 அன்று பெங்களூரின் ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெரிய சங்கம் எதுவும் அழைத்து வந்த கூட்டம் அல்ல அது. ஊரே ஸ்தம்பித்தது. மறுநாள் அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தத் தொகை அவர்களுக்கு மகளின் திருமணம், கூரை மாற்றும் செலவு, ஆலையை விட்டு ஊர் திரும்புவதற்கான கைக்காசு. ஒன்று முதல் ஐந்து வரையிலான எந்த மதிப்பெண்ணும் இதை முன்கூட்டிக் காட்டியிருக்குமா? நான் நம்பவில்லை.

குரல் உண்மையில் வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையைப் பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் அதை மூடியபோது அதற்கு மிக மோசமான பெயர்; எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக, நூமி என்ற பெயரில் அதைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பான்மையினர் அதே பழைய ஆட்கள். சங்கமும் அதே சங்கம். சில ஆண்டுகளில் வராதவர் விகிதம் 3 சதவீதத்துக்கு அருகில் இறங்கியது.

என்ன மாறியது? லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. கதவு சரியாகப் பொருந்தவில்லை, போல்ட் ஏறவில்லை, நேரம் போதவில்லை என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். மணி அடிக்கும், விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார். கார் அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் தீரவில்லையென்றால் லைன் நிற்கும். பழைய ஆலையில் லைனை நிறுத்துவது பெரும் குற்றம். இங்கே சொன்னதற்கு ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. தங்கள் வேலையின் படிகளையும் நேரத்தையும் தொழிலாளர்களே ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து எழுதினார்கள். 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை; பயிற்சியிலும் பராமரிப்பிலும் ஈடுபடுத்தினார்கள்.

இங்கும் மறுதரப்பு உண்டு. பழைய ஆலையில் நிமிடத்தின் 60 வினாடிகளில் சுமார் 45 வினாடி கை ஓடியது, நூமியில் இலக்கு 57 என்று அந்த ஆலையை ஆராய்ந்த பால் ஆட்லர் எழுதினார். இதை அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம் என்று தொழிலாளர் பக்கம் நின்று எழுதிய மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-இல் கடுமையாக விமர்சித்தார்கள். மூச்சு விடும் 15 வினாடியில் 12 பறிபோனது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் மூடிய ஆலையின் அதே மனிதர்கள் அதிகம் உழைத்துக்கொண்டே வேலைக்கு ஒழுங்காக வந்தார்கள் என்பதைச் சோம்பலை வைத்தோ கட்டுப்பாட்டை வைத்தோ மட்டும் விளக்க முடியாது. கயிற்றை இழுத்தவர் தண்டிக்கப்படவில்லை. இழுத்தால் ஆள் வந்தார். கேட்பார் இல்லையென்றால் போய் நிற்கச் சங்கம் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தே அந்த ஆலையை மாற்றின. கயிற்றை மட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் பிற ஆலைகளுக்கு எடுத்துப்போன மேலாளர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை என்பது இதை உறுதி செய்கிறது.

நம் ஊரின் இரண்டு நிகழ்வுகளும் இதே பக்கம் சாய்கின்றன. ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்பது எந்த நிறுவனத்தின் சர்வேயிலிருந்தும் வந்ததல்ல. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கணக்கில் போராடியதால் கேரளம் 2018-இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் திருத்தியது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. வட்டாரச் சராசரியைவிடக் கணிசமாக அதிகம் தருகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. தொழிலாளர்கள் சம்பளமும் கேட்டார்கள்தான், ஆனால் விடாமல் பிடித்து நின்றது சங்கத்துக்கு அங்கீகாரம் என்ற கோரிக்கையில். தங்களுக்காக யார் பேசுவது என்பதைத் தாங்களே முடிவு செய்ய நினைத்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. இன்று நடக்கும் வடிவில் ஆண்டு சர்வேயை நிறுத்திவிடலாம். பதிலளித்தவர்களுக்கே முடிவுகளை ஒரு மாதத்துக்குள் காட்டி, எதைச் சரிசெய்வோம், எதைச் செய்ய மாட்டோம், ஏன் என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனம் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அங்கும் மதிப்பெண்ணை டீம் லீடரின் அப்ரைசலில் சேர்க்கக் கூடாது. சேர்த்த கணமே அது கெட்டுப்போகும். மிச்சப்படும் பணமும் நேரமும் வேலையின் அமைப்புக்குப் போக வேண்டும். சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் நடந்த சோதனையில், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டதும் விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலைத்தரம் குறையவில்லை. ஊழியரின் மனதை யாரும் அங்கே திருத்தவில்லை, வேலை நாளைத் திருத்தினார்கள்.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி, திருப்பூரில் முப்பது மெஷின் போட்டுப் பவர் டேபிள் யூனிட் நடத்துபவருக்கு எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு சர்வேயும் வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம். பீஸ் ரேட்டை ஆர்டர் தொடங்கும் முன் சொல்லட்டும், பாதியில் குறைக்காமல் இருக்கட்டும். சனிக்கிழமைச் சம்பளத்தைச் சனிக்கிழமையே கொடுக்கட்டும். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்று ஒரு அக்கா வந்து சொன்னால், அந்த அக்காவின் பெயரைச் சொல்லாமல் அந்தச் சூப்பர்வைசரை அன்றைக்கே கூப்பிட்டுக் கண்டிக்கட்டும்.