கற்பவரின் மொழி அறிந்த நூல்: போர்த்துகீசியர் தமிழ் கற்ற வழியும் தமிழ் மாணவர் ஆங்கிலம் கற்கும் வழியும்

ஆய்வுச்சுருக்கம்

அயல்மொழி கற்பிக்கும் நூலொன்று தன் வாசகரின் தாய்மொழியை அறிந்திருக்க வேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. போர்த்துகீசிய மொழி பேசுவோருக்குத் தமிழ் கற்பிக்க 16ஆம் நூற்றாண்டில் எழுந்த அண்டிரிக் அடிகளின் இலக்கணமும், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் பயிற்றுநூல்கள் என்ற நிலையில் மதிப்பிடப்படுகின்றன. அம்மதிப்பீட்டைக் கொண்டு, தமிழ்வழி மாணவர் ஆங்கிலம் கற்கும் நூல்களின் குறை சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அண்டிரிக் அடிகள், வீரமாமுனிவர், கொடுந்தமிழ், போர்த்துகீசியம், ஆங்கிலம் கற்பித்தல், தாய்மொழித் தாக்கம்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள செட்டிகுளம், தண்டாயுதபாணி கோயிலாலும் சின்ன வெங்காயச் சாகுபடியாலும் அறியப்பட்ட ஊர். இத்தகைய ஊர்களில் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் ‘இஸ்கூல்’ என்று சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழுகிறது. அதன்பின் அம்மாணவர் ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லை. சிரித்தவர்களும் ஆசிரியரும் அதனை அறியாமை என்றே கொள்கின்றனர். அது அறியாமைதானா? இவ்வினாவுக்கு விடை காண, வேற்றுமொழியாளர் தமிழைக் கற்ற வரலாற்றிலிருந்து தொடங்குவது பொருந்தும். கற்பவர் தடுமாறும் இடங்களை முன்னறிந்து எழுதப்பட்ட நூல்கள் அவ்வரலாற்றில் உள்ளன.

அண்டிரிக் அடிகளின் இலக்கணம்

போர்ச்சுக்கல் நாட்டவரான அண்டிரிக் அடிகள் என்னும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் (1520–1600) 1540களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வழியாகவே தமிழுலகம் அவரைப் பெரிதும் அறியும். அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், 1549ஐ ஒட்டி, அவர் போர்த்துகீசிய மொழியில் ‘ஆர்த்தே த லிங்குவா மலபார்’ என்னும் தமிழ் இலக்கணத்தை எழுதினார். அது அச்சேறவில்லை. லிஸ்பனில் கையெழுத்துப் படியாகக் கிடந்த அந்நூலை 1982இல் வெர்மீர் பதிப்பித்தார். ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. இந்நூல் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் சான்றாகவே படிக்கப்பட்டு வருகிறது. அது ஒரு பாடநூல் என்பது பின்னுக்குப் போய்விட்டது.

பாடநூலாக நோக்கினால், தன் வாசகர் யார் என்பதில் அதற்கு ஐயமே இல்லை. இலத்தீன் இலக்கணம் அறிந்தவர்க்கு இது எளிது. அறியாதவர் ழுவாவுங் த பார்ருஷ் எழுதிய இலக்கணத்தைப் படித்துக்கொள்க என்று அந்நூல் வழிகாட்டுகிறது. பார்ருஷின் போர்த்துகீசிய இலக்கணம் வெளிவந்த ஆண்டு 1540. அதாவது, தமிழைக் கற்க வருபவர் முதலில் தம் மொழியின் அமைப்பை உணர வேண்டும் என்கிறார் ஆசிரியர். தமிழ்ச் சொற்களைப் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, போர்த்துகீசியப் பொருளை அருகே வைத்து, ஒரு வினையை எல்லாக் காலத்துக்கும் இடத்துக்கும் விரித்துக் காட்டுவது அவர் முறை.

குறை இல்லாமல் இல்லை. இலத்தீனின் ஆறு வேற்றுமைக்குள் தமிழ்ப் பெயர்ச்சொல்லை அடக்க முயன்றதால் நம் எட்டு வேற்றுமைப் பாகுபாடு அங்கே உருமாறிவிடுகிறது. தமிழில் இல்லாத வினைப்பாகுபாடுகளுக்கும் தமிழ் வடிவம் தேடித் தருகிறார். இதை ஐரோப்பிய மையப் பார்வை என்று கடிந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் இலக்கணக் கோட்பாட்டு நூலாக அதன் குறை எதுவோ, பாடநூலாக அதுவே அதன் பயன். கப்பலிலிருந்து இறங்கிய இளந்துறவிக்குத் தேவைப்பட்டது தமிழின் உள்ளமைப்பு பற்றிய கோட்பாடு அன்று. தான் சொல்ல விரும்பும் தொடருக்குத் தமிழில் என்ன வடிவம் என்பதே. பரதவரிடம் கேட்ட வடிவங்களையே அடிகள் அவனுக்குத் தந்தார்.

ஏலாக்குறிச்சியின் இரு இலக்கணங்கள்

ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின் வீரமாமுனிவர் மேலும் ஓர் அடி முன்னே சென்றார். இத்தாலியரான அவர் போர்ச்சுக்கல் அரசின் ஆதரவில் இயங்கிய மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்தவர். போர்த்துகீசியம், தமிழ், இலத்தீன் மும்மொழி அகராதியும் தொகுத்தவர். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அவர் பணியின் நடுவிடமாக விளங்கியது. 1728இல் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழுக்குத் தனியே வேறொரு நூல் செய்தார். தமிழ்ப் புலவர்க்கென எழுதிய தொன்னூல் விளக்கம் மூன்றாவது. ஒரே மொழிக்கு ஒருவர் இத்தனை இலக்கணம் எழுதியதன் காரணம் வாசகர் வேறுபாடே. புதிதாக வந்தவர் பேச்சுமொழியில் தொடங்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நம் பள்ளிகளில் ஆங்கிலம் எழுத்தில் தொடங்கி எழுத்திலேயே முடிந்துவிடுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

தாய்மொழியைப் பிடித்துக்கொண்டால் மட்டும் போதாது என்பதற்கும் போர்த்துகீசிய உலகமே சான்று தருகிறது. 1855இல் பாரிசில் வெளியான போர்த்துகீசிய – ஆங்கில உரையாடல் கையேடு ஒன்று, பெத்ரு கரோலினு என்பவரின் கைவண்ணம். ஃபொன்செகாவின் போர்த்துகீசிய – பிரெஞ்சுக் கையேட்டை எடுத்து, பிரெஞ்சு – ஆங்கில அகராதியின் துணையால் சொல்லுக்குச் சொல் மாற்றி அது ஆக்கப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. நூலாசிரியர்க்கு ஆங்கிலம் தெரிந்ததற்கான அடையாளம் அதில் காண அரிது. 1883இல் அது மார்க் ட்வைனின் முன்னுரையோடு நகைச்சுவை நூலாகவே மறுபதிப்புக் கண்டது. அண்டிரிக் அடிகள் இரு மொழியையும் அறிந்து ஒப்பிட்டார்; கரோலினு ஒப்பிடவே இல்லை, மாற்றி வைத்தார்.

இஸ்கூலும் எஸ்கோலாவும்

இனி அந்தச் சிரிப்புக்கு வருவோம். இலத்தீனின் ‘ஸ்கோலா’ போர்த்துகீசியத்தில் ‘எஸ்கோலா’ ஆயிற்று. சகரத்தோடு மற்றொரு மெய் சேர்ந்து சொல்லைத் தொடங்குவதை அம்மொழி ஏற்பதில்லை. முன்னால் ஓர் உயிர் வந்துவிடும். ஆங்கிலம் கற்கும் பிரேசில் மாணவரும் அப்படியே சொல்கிறார். தமிழும் மெய்ம்மயக்கத்தை மொழிமுதலில் ஏற்காது. ரகரம் முதலாகிய வடசொல் தமிழுக்கு வரும்போது அ, இ, உ ஆகியவற்றுள் ஒன்றை முன்னே பெற்று அரங்கம், இராமன், உரோமம் என வரும் என்பது நன்னூல் கூறும் விதி. இராமனுக்கு இலக்கணம் தந்த அதே இயல்புதான் இஸ்கூலையும் தருகிறது. முன்னதை மாணவர் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறார். பின்னதற்காக நகைப்புக்கு ஆளாகிறார்.

சொல்லின் இறுதியும் இவ்வாறே. பிரேசிலியர் ‘ஃபேஸ்புக்’ என்பதை இகரம் சேர்த்து ‘ஃபெய்சிபுக்கி’ என்பர். நம் மாணவர் ‘புக்கு’, ‘கப்பு’, ‘பஸ்ஸு’ என்பர். வல்லின மெய் சொல்லை முடிக்காது, உகரம் ஏறும் என்பது தமிழின் மொழியிறுதி மரபு.

தொடரமைப்பில் இரு மொழியாரின் வழிகளும் பிரிகின்றன. போர்த்துகீசியத்தில் ‘என் புத்தகம்’ என்பதற்கு முன்னும் ஆர்ட்டிக்கிள் வரும். ஆகவே அவர்கள் ஆங்கிலத்தில் ‘தி’யை வேண்டாத இடத்திலும் இடுவர். தமிழில் அத்தகைய சொல்வகை இல்லை. நம்மவர் வேண்டிய இடத்திலும் விடுவர். ஆங்கிலத்தின் ‘பி’ வினைக்கு ஈடாகப் போர்த்துகீசியத்தில் இரண்டு வினைகள் உண்டு. ‘அவர் ஆசிரியர்’ என்னும் தமிழ்த்தொடருக்கோ வினையே வேண்டா. உடைமையைக் குறிக்க அவர்களிடம் ‘தேர்’ என்னும் வினை இருப்பதால் ஆங்கில ‘ஹேவ்’ அவர்க்கு ஒரு சொல் மாற்றமே. ‘என்னிடம் இருக்கிறது’, ‘எனக்கு இருக்கிறார்’ என்று வேற்றுமை உருபால் உடைமையைச் சொல்லும் தமிழ் மாணவருக்கோ எழுவாயே இடம் மாறுகிறது. ஒரே பயிற்சித்தாள் இவ்விருவர்க்கும் எவ்வாறு உதவும்?

பொது நூலின் வாசகர் யார்?

பிழையெல்லாம் தாய்மொழியால் வருவதன்று என்ற மறுப்பு நியாயமானது. ராபர்ட் லாடோ 1957இல் முன்வைத்த ஒப்பீட்டு முறை, பிழைகளை முன்கூட்டியே கணிக்கலாம் என்று அளவுக்கு மீறி நம்பியது. கற்பவர் தாமே விதி வகுத்துப் பார்ப்பதன் அடையாளமே பிழை என்று பிட் கார்டர் 1967இல் எழுதியபின் அந்நம்பிக்கை தளர்ந்தது. ஆயின் கார்டரின் கருத்து தாய்மொழியை வகுப்பிலிருந்து வெளியேற்றச் சொல்லவில்லை. பிழையைக் குற்றமாகக் காணாதே என்பதுதான் அதன் சாரம். இஸ்கூல் மாணவருக்கு அதுவே முதற்காப்பு.

மைக்கேல் ஸ்வானும் பெர்னார்டு ஸ்மித்தும் தொகுத்த ‘லேனர் இங்கிலீஷ்’ நூலின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் போர்த்துகீசியர்க்குத் தனி இயல் உண்டு. தமிழ் உள்ளிட்ட திராவிட மொழியார் அனைவர்க்கும் சேர்த்து ஓர் இயல்தான். அதில் குறைகூற எனக்கு மனமில்லை. அயலார் அவ்வளவேனும் செய்தனர். கேள்வி நம்மை நோக்கியது. ரென் – மார்ட்டின் இலக்கணம் இந்தியா முழுவதும் பயிலப்படுகிறது. எந்த இந்திய மொழியும் அதன் விளக்கங்களில் இடம்பெறவில்லை. தமிழ் விளக்கத்தோடு சந்தையில் கிடைக்கும் கையேடுகளிலும் ஆங்கில விதி தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருக்குமே அன்றித் தமிழோடு ஒப்பிடப்பட்டிருப்பது அரிது. கரோலினுவின் வழி அது, அவரளவு வேடிக்கையாக இல்லை என்பதைத் தவிர.

இவ்விடத்தில் தமிழ்த்துறைக்கும் பங்கு உண்டு. குற்றியலுகரம், மொழிமுதல், வேற்றுமை, பெயர்ப்பயனிலை ஆகியவற்றைக் கற்பிப்பவர் தமிழாசிரியர். அதே மாணவர் அடுத்த பாடவேளையில் இடறுவதும் இவற்றின் எல்லையிலேயே. இரு துறையாரும் ஒரே மேசையில் அமர்ந்து (மேசை என்ற சொல்லே போர்த்துகீசியம் தந்தது) செட்டிகுளத்து மாணவர்க்கு ஒரு நூல் எழுதினால், அதன் முதற்பாடம் ‘அவர் ஆசிரியர்’ என்ற தொடராக இருக்கலாம். அத்தொடரில் இல்லாத வினையை ஆங்கிலம் ஏன் கேட்கிறது என்று மாணவரிடமே வினவித் தொடங்கலாம். ஒலிப்புப் பாடம் நன்னூல் விதியிலிருந்தே புறப்படலாம்: தமிழ் இங்கே உயிர் சேர்க்கும், ஆங்கிலம் சேர்க்காது; முதலில் ‘ஸ்’ ஒலியைத் தனியே நீட்டி ஒலித்து, மூச்சை விடாமல் ‘கூல்’ என்பதைத் தொடர்க.