பேத்தோபிசியாலஜி: மனப்பாடம் எதுவரை தாங்கும்?

பேத்தோபிசியாலஜியை மனப்பாடம் செய்தே நர்சிங் தேர்வில் தேறிவிடலாம். பலர் அப்படித்தான் தேறுகிறார்கள். எனவே மனப்பாடத்தைப் பழிப்பதில் பயனில்லை. அது எதுவரை தாங்கும், எங்கே கைவிடும் என்றுதான் பார்க்க வேண்டும்.

மனப்பாடத்தின் பக்கமும் நியாயம் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் பேத்தாலஜிக்கு மூன்றாம் பருவத்தில் 20 மணி நேரம், நான்காம் பருவத்தில் மரபியலையும் சேர்த்து இன்னொரு 20 மணி நேரம். செல் சேதம், அழற்சி, புற்றுநோய், உறுப்பு வாரியான நோய்கள், ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஒரு நோய் உடலின் இயக்கத்தை எப்படிக் குலைக்கிறது என்ற பேத்தோபிசியாலஜி விளக்கமோ பெரும்பாலும் அடல்ட் ஹெல்த் நர்சிங் பாடத்தில் நோய்க்கு நோய் சிதறிக் கிடக்கிறது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவருக்கு ஆங்கிலப் பாடநூல் ஒரு கூடுதல் சுமை. புரிந்ததைச் சொந்த ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர் நூலின் வாக்கியத்தையே பிடித்துக்கொள்கிறார். இதைச் சோம்பல் என்பது அநியாயம்.

சிலவற்றை மனப்பாடம்தான் செய்தாக வேண்டும். இதயம் நின்றவரின் மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. யோசிக்க அங்கே நேரமும் இல்லை.

ஆனால் நோயின் காரணத் தொடரையும் இதே முறையில் விழுங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கால் வீக்கத்தை எடுத்துக்கொள்வோம். கைடில் இதயச் செயலிழப்பு, நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம், கல்லீரல் சிரோசிஸ், யானைக்கால் என்று ஒவ்வொரு நோயின் அறிகுறிப் பட்டியலிலும் 'எடீமா' இருக்கும். மாணவி நான்கு பட்டியல்களைத் தனித்தனியாக மனத்தில் ஏற்றுகிறார். உடலியல் அறிஞர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் விளக்கிய விதியைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சுமை பாதியாகக் குறையும். தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தின் புரதம், முக்கியமாக ஆல்புமின், நீரை உள்ளே பிடித்து வைக்கிறது. இவற்றோடு தந்துகிச் சுவர் எவ்வளவு கசிகிறது, கசிந்ததை நிணநீர்க் குழாய்கள் அள்ளிச் செல்கின்றனவா என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டால் போதும். இதயம் செயலிழந்தால் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. நெஃப்ரோட்டிக்கில் ஆல்புமின் சிறுநீரில் போகிறது. சிரோசிஸில் ஆல்புமின் உற்பத்தி குறைகிறது, போர்ட்டல் சிரையில் அழுத்தமும் கூடுகிறது. யானைக்காலில் நிணநீர் வழி கெட்டுவிடுகிறது.

இது தெரிந்தவருக்கு நர்சிங் பராமரிப்பும் பாதி தானாக வந்துவிடும். இதயச் செயலிழப்பு நோயாளியைத் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பது ஏன்? ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும். அது கண்ணுக்குத் தெரியும் முன்பே எடைமேடையில் தெரிந்துவிடும். யானைக்கால் நோயாளிக்கு நீர் பிரியும் மாத்திரையைவிட காலைக் கழுவி உலர்த்துவதும் உயர்த்தி வைப்பதும் ஏன் முக்கியம் என்பதற்கும் விடை கெட்டுப்போன நிணநீர் வழியில் இருக்கிறது.

இதைவிடக் கடுமையான சோதனை டெங்கு வார்டில். காய்ச்சல் தொடங்கி நான்காம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள். ரத்த அழுத்தம் 100/80. 'ஷாக் என்றால் சிஸ்டாலிக் 90-க்குக் கீழே' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் நார்மல் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். டெங்குவில் பிளாஸ்மா கசிவு உச்சத்துக்குப் போவதே காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் என்பதும், ரத்தத்தின் அளவு குறையும்போது குழாய்கள் இறுகி டயஸ்டாலிக் மேலேறும் என்பதும் அறிந்தவர் 100-க்கும் 80-க்கும் இடையே உள்ள 20-ஐப் பார்ப்பார். இந்த இடைவெளி, அதாவது பல்ஸ் பிரஷர், 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷாக் என்றே கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஹீமட்டோக்ரிட்டைக் கேட்டு, உடனே டாக்டரைக் கூப்பிடுவார். இரண்டு நர்ஸ்கள் முன்னும் இருந்த எண் ஒன்றுதான்.

இதைக் கொண்டு காரண அறிவு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லிவிட முடியாது. மாரடைப்புக்குப் பின் வரும் கூடுதல் துடிப்புகள் ஆபத்தானவை, அவற்றை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று மருத்துவர்கள் காரணத்தோடுதான் நம்பினார்கள். அவற்றை அடக்கும் மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்று 1989-இல் வெளியான காஸ்ட் ஆய்வு காட்டியது. இதயம் தளர்ந்தவருக்கு பீட்டா பிளாக்கர் கூடாது என்பதும் ஒரு காலத்தில் அசைக்க முடியாத தர்க்கம். 1999-இல் வந்த பெரிய ஆய்வுகள் அவை இறப்பைக் குறைக்கின்றன என்று நிறுவின. நோயாளியைக் கவனிக்கவும் அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கவும் பேத்தோபிசியாலஜி உதவும். எந்த மருந்து பலன் தரும் என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். பாடநூல்கள் இந்த எல்லையை மாணவருக்குச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

படிக்கும் முறையிலும் ஒரு தெளிவு தேவை. உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தவர்களே ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 விழுக்காடு நினைவில் நின்றது. திரும்பப் படித்தவர்களுக்கு 40. தேர்வுக்கு முந்தைய இரவில் பக்கம் பக்கமாகப் புரட்டுவது ஏன் பலன் தருவதுபோலத் தெரிகிறது என்பதும், வார்டுக்குப் போகும்போது ஏன் எதுவும் மிஞ்சுவதில்லை என்பதும் இதில் விளங்கும்.

கைடில் உள்ள அம்புக்குறிப் படத்தை அப்படியே வரையப் பழகுவதும் மனப்பாடமே. ஒவ்வொரு அம்புக்கும் 'ஏன்' என்று கேட்டு, நூலை மூடி, முதலில் தமிழில் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால்தான் அது அறிவாகிறது.

என் தீர்ப்பு காரணத் தொடரின் பக்கம்தான். அளவுகள், அவசரகால நடைமுறைகள், நார்மல் எண்கள் மனப்பாடத்துக்கு உரியவை. மற்றவையெல்லாம் விளங்கிப் படிக்க வேண்டியவை. ஆனால் மாணவர்களை மட்டும் மாறச் சொல்வது நேர்மையாகாது. அமெரிக்காவின் நர்சிங் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 2023 ஏப்ரல் முதல் ஒரு நோயாளியின் நிலை படிப்படியாக மாறுவதைக் காட்டி ஒவ்வொரு கட்டத்திலும் முடிவைக் கேட்கிறது. நம் பல்கலைக்கழகத் தாள்களும் ஒவ்வொரு பருவத்திலும் அப்படி ஒரு கேள்வியையாவது கட்டாயமாக வைக்க வேண்டும். வினாத்தாள் அமைப்பவர்கள் அடுத்த தேர்விலிருந்தே இதைத் தொடங்கலாம். பாடத்திட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.